சிங்கத்தின் அவசர அட்டை

எங்க வீட்டுக்காரர் ஒரு சிங்கம். நான் சொல்லலை, அவரே சொல்லிக்கிட்டார். ஏசி ரிப்பேர் கம்பெனியில சூப்பர்வைசர். தலையில பாதி முடி போயாச்சு, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும், கரப்பான் பூச்சியைப் பார்த்தா என்னைத்தான் கூப்பிடுவார். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில அந்தக் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு பைக்ல ஏறி உக்காந்துட்டா சிங்கம். மத்த நாள்ல என்ன மிருகம்னு கேக்காதீங்க. கட்டிக்கிட்டவ வாயால சொல்லக் கூடாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு ஒரு கால் திடீர்னு வீங்கிச்சு. "கொசு ஏதாவது கடிச்சிருக்கும்"னு தைலம் தேச்சுக்கிட்டார். கொசு இல்லை, காலுக்குள்ள இரத்தம் கட்டியிருந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். எப்படியோ பொழைச்சு வந்தார். வீட்டுக்கு அனுப்பறப்ப டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னார். இரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஒரு மாத்திரை, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரு நாளும் தவறக் கூடாது. இன்னொண்ணு, தலையில அடி படாம பாத்துக்கணும். இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உள்ளுக்குள்ள இரத்தம் கசிய ஆரம்பிச்சா லேசுல நிக்காது, சின்ன அடின்னு விட்டா ஆளே போயிடுவாங்கன்னார்.

தலையில அடிபடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா, இவருக்கு உடனே ஹெல்மெட் வாங்கற ஆசை வந்துடுச்சு. ஹெல்மெட்டை வாங்கி சும்மா அலமாரியில வச்சா நல்லாவா இருக்கும்? அதனால ஒரு பைக்கும் வாங்கினார்.

நான் சண்டை போட்டேன், பேசாம இருந்தேன், அழுதும் பார்த்தேன். "சாவைப் பக்கத்துல பார்த்துட்டு வந்தவன்டி நான், இனிமேயாவது கொஞ்சம் வாழ்ந்துக்கறேனே"ன்னார். அதுக்கு என்ன பதில் சொல்றது? வாயடைச்சுப் போச்சு. என் வாயை அடைச்ச ஒரே ஆள் அவர்தான், அதுவும் அந்த ஒரு தடவைதான்.

பைக் வந்ததும் கூட்டாளிகளும் வந்துட்டாங்க. சூறாவளி சங்கம்னு பேரு. தலைவரை எல்லாரும் கேப்டன்னு கூப்பிடுவாங்க. கப்பலைக் கண்ணால கூடப் பார்த்ததில்லை, குழாயும் வாஷ்பேசினும் விக்கற கடை வச்சிருக்கார். அடுத்தவர் ஒரு அக்கவுண்டன்ட். அவரை சைக்கிள்காரங்க கூட முந்திட்டுப் போவாங்க, அதனால வேகம்னு பேரு வச்சிட்டாங்க. மூணாவது எங்க சிங்கம். முன்னே நாலாவதா ஒருத்தர் இருந்தார். அவருக்கு சர்க்கரை இருக்கு, ஊசி போட்டுக்கறார்னு தெரிஞ்சதும் கேப்டன் அவரை கௌரவ உறுப்பினர் ஆக்கிட்டார். கௌரவ உறுப்பினர்னா வீட்டுல உக்காந்து மத்தவங்க போடற போட்டோவுக்கு லைக் போடறவர். "மாத்திரை மருந்துன்னு இருக்கறவங்களைக் கூட்டிட்டுப் போய் நம்ம ரிஸ்க் எடுக்க முடியாதுப்பா"ன்னு கேப்டன் சொன்னாராம். இதை எங்க வீட்டுக்காரர்தான் என்கிட்ட வந்து சொன்னார், ஏதோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

அப்புறம் கேப்டனுக்கு திடீர்னு பாதுகாப்பு மேல அக்கறை பொங்கி வழிஞ்சது. ஆளாளுக்கு ஒரு அவசர அட்டை. பேரு, இரத்த வகை, வியாதி, சாப்பிடற மருந்து, ஆபத்துன்னா யாருக்குப் போன் பண்ணணும், எல்லாம் அச்சடிச்சு பிளாஸ்டிக் உறை போட்டு ஜாக்கெட் பையில வச்சுக்கணும். அடேங்கப்பா, இந்த மூணு பேர் மண்டையில இப்படி ஒரு நல்ல யோசனையான்னு நானே அசந்து போனேன். அன்னைக்கு சாயங்காலம் அவர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொன்னேன். மாத்திரை பேர், எத்தனை மில்லிகிராம், எதுக்காக சாப்பிடறார், என் நம்பர். தப்பில்லாம எழுதிக்கிட்டார். அச்சடிச்சு வந்ததும் ஒரு அட்டையைக் காந்தம் வச்சு ஃப்ரிட்ஜ் கதவுல மாட்டினார். "உன் நிம்மதிக்கு"ன்னார். நானும் பால் எடுக்கப் போறப்பல்லாம் அதைப் பார்த்து நிம்மதியா இருந்தேன், லூசு மாதிரி.

என் வேலையையும் சொல்லிடறேன். தண்ணி சுத்தம் பண்ற மெஷின் கம்பெனியில போன் பிரிவு. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, "உங்க ஃபில்டர் மாத்தற தேதி வந்துடுச்சுங்க"ன்னு நாள் பூரா வாடிக்கையாளர்களுக்கு ஞாபகப்படுத்தணும். முக்கால்வாசிப் பேர் பாதியில கட் பண்ணுவாங்க. மீதிப் பேர் திட்டிட்டு கட் பண்ணுவாங்க. இதனால எனக்கு ஒரு ஞானம் வந்திருக்கு. ஒரு போனை யாரும் எடுக்காம அதுவா அடிச்சு ஓயறது வேற, ஒரு விரல் வந்து கட் பண்றது வேற. காதுலயே தெரியும்.

ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்தறவ கட்டின புருஷனுக்கு ஞாபகப்படுத்த மாட்டேனா? ஞாயித்துக்கிழமை அவர் எங்க சுத்தினாலும் ஆறு மணிக்கு என் போன் போயிடும். "மாத்திரை?"ன்னு ஒரே வார்த்தைதான் கேப்பேன். அவரும் கட் பண்ணாம எடுத்து, "ஏற்கெனவே எடுத்தாச்சுங்க, தேவையில்லைங்க, ரொம்ப நன்றிங்க"ன்னு சொல்லிட்டு வச்சிடுவார். வீட்டுல "ஏய்", "இந்தா", "எங்க போய்த் தொலைஞ்ச"ன்னு கூப்பிடற வாயில இத்தனை "ங்க". வெளிக்காத்து பட்டா மனுஷனுக்கு மரியாதை வருதேன்னு உள்ளுக்குள்ள எனக்கு ஒரு குளிர்ச்சி. என் தோழிகிட்ட இதைச் சொல்லிப் பெருமை வேற அடிச்சிருக்கேன். வெக்கக்கேடு.

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி இருந்தது. ஆறு மணிக்கு என் மொபைலை எடுத்துக் கூப்பிட்டேன். ரெண்டு ரிங், கட். சிக்னல் இல்லைன்னு நினைக்க மனசு ஆசைப்பட்டது, காது ஒத்துக்கலை. விரல் கட் பண்ணியிருக்கு. மறுபடி கூப்பிட்டேன். ஒரே ரிங், கட். எங்க வீட்டுக்காரர் மேல ஆயிரம் குத்தம் சொல்லுவேன், ஆனா என் போனைக் கட் பண்ண மாட்டார். இது அவர் விரல் இல்லை. மூணாவது தடவை போட்டேன், அதுவும் கட்.

எங்க டீம் லீடர் வந்து பக்கத்துல நின்னா. என் பொண்ணு வயசு இருக்கும். "மேடம், டியூட்டியில சொந்தக் கால் பேசக் கூடாது."

"சொந்தக் கால் இல்லம்மா, வாடிக்கையாளர்தான். ஃபில்டர் அடைச்சுக்கிச்சு."

நாலாவது தடவை போன் எடுத்தாங்க. ஒரு பொம்பளைக் குரல், எடுத்த எடுப்புலயே வெடிச்சது.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? கட் பண்ணப் பண்ண போட்டுக்கிட்டே இருக்கீங்க! ஒரு மனுஷன் அடிபட்டுக் கிடக்கறார், இப்பதான் இன்சூரன்ஸ் விக்கற நேரமா? வைம்மா போனை!"

இதை விட மோசமா திட்டு வாங்கின காது என்னுது, திட்டு ஒண்ணும் உள்ளே போகலை. அடிபட்டுக் கிடக்கறார்ங்கற அந்த வார்த்தை மட்டும்தான் போச்சு.

"வச்சிடாதீங்க! ஐயோ, வச்சிடாதீங்கம்மா! நான் இன்சூரன்ஸ் இல்லை, அவர் சம்சாரம்!"

"சம்சாரமா? இதுல இன்சூரன்ஸ் தொல்லை, எடுக்காதேன்னு போட்டிருக்கு?"

அப்ப அதைப் பத்தி யோசிக்க எனக்கு நேரம் இல்லை. "அடி எங்கம்மா? தலையிலயா?"

"நெத்தியில லேசா. தையல் போட்டாச்சு, தூங்கறார்."

"தூங்க விடாதீங்க! அவர் இரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை சாப்பிடறவர். வார்ஃபரின். தினமும் சாப்பிடறார்."

"அவரோட கார்டுல மருந்து எதுவும் இல்லைன்னு தெளிவா..."

"கார்டைத் தூக்கிக் குப்பையில போடும்மா!"

நான் கத்தின கத்துல எங்க ஹால்ல எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. அந்தப் பக்கம் பேசினது நர்ஸ் போல. போனை வைக்காம எங்கயோ போட்டுட்டு ஓடியிருக்காங்க. செருப்புச் சத்தம் கேட்டுது. "டாக்டர்! அந்த சிங்கம் பேஷண்ட் இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறாராம், தலை அடி!"ன்னு ஒரு கத்தல். ஒரு ஆம்பளைக் குரல், "எழுப்பிப் பாருங்க"ன்னுது. அப்புறம் எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடலை. "சிங்கம்! சிங்கம்! கண்ணைத் திறங்க! சிங்கம்!"னு மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க. அவர் பதில் சொன்ன சத்தம் எனக்குக் கேக்கவே இல்லை.

என் டீம் லீடர்தான் என் பையை எடுத்துக் கையில கொடுத்து, போன்ல யாரோ சொன்ன ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சு, கூடவே ஏறி உக்காந்தா. காதுல மாட்டின ஹெட்போனைக் கூட நான் கழட்டலை.

ஆஸ்பத்திரி வாசல்ல கம்ப்யூட்டர்காரர்கிட்ட அவர் பேரைச் சொன்னேன். அப்படி யாரும் இல்லைன்னார். மறுபடி சொன்னேன், எழுத்துக்கூட்டிச் சொன்னேன், பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். கடைசியில மானத்தை விட்டு, "சிங்கம்னு யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டேன். "ஓ, அவரா! ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க, மேல போங்கம்மா"ன்னார். அட்டையில பேருன்னு இருந்த இடத்துல அந்த மகராசன் எழுதியிருந்தது அதுதான்.

மேல வராந்தாவுல அந்த நர்ஸ் என்னைத் தேடி வந்தாங்க. கைநிறைய சாமான் இருந்தது. ஜாக்கெட், பர்ஸ், போன், அந்த அட்டை. பேர் சிங்கம். வியாதி எதுவும் இல்லை. மருந்து எதுவும் இல்லை. ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டியவர் கேப்டன். அச்சு ரொம்ப நல்லா வந்திருந்தது, மூலையில சின்னதா ஒரு சூறாவளி படம் கூட. நான் ஒவ்வொண்ணா சொல்லி எழுத வச்ச உண்மையான அட்டை ஃப்ரிட்ஜ் கதவுல பத்திரமா இருக்கு. எங்க வீட்டுப் பாலுக்கு ஏதாவது விபத்துன்னா உடனே உதவும்.

நடந்ததை நர்ஸ்தான் சொன்னாங்க. ரோட்டோரமா அழகா ஒரு ஏரி தெரிஞ்சதாம். போட்டோ எடுக்கலாம்னு கேப்டன் திடீர்னு பிரேக் போட்டார். பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்த ரெண்டு பேரும் அவர் மேல ஏறிட்டாங்க. கேப்டனுக்குத் தோள்பட்டை எலும்பு, வேகத்துக்குத் தாடை. எங்காளு ஹெல்மெட்டையும் மீறி அடிபட்ட நெத்தியைத் துடைச்சுக்கிட்டு அவரா நடந்து வந்தாராம். மூணு பேர்ல இவருக்குத்தான் அடி கம்மின்னு ஓரமா ஒரு கட்டில்ல உக்கார வச்சிட்டாங்க.

"வீட்டுக்குச் சொல்லணுமேன்னு உங்க வீட்டுக்காரர் கார்டைப் பார்த்து நம்பரைப் போட்டேம்மா. பக்கத்துக் கட்டில்ல கேப்டன் பையில ரிங் அடிக்குது. சரி, கேப்டன் வீட்டுக்காவது சொல்லுவோம்னு அவர் கார்டைப் பார்த்துப் போட்டா, அந்தத் தாடை உடைஞ்சவர் பையில அடிக்குது. அவர் கார்டுல இருக்கற நம்பரைப் போட்டா உங்க வீட்டுக்காரர் போன் அடிக்குது. நான் என்ன நினைக்கறது சொல்லுங்க?"

கேப்டனோட திட்டமாம் அது. ஆபத்துன்னு நேரா வீட்டுக்குப் போன் போனா பொம்பளைங்க பதறிடுவாங்களாம். அதனால முதல்ல சங்கத்துக்குள்ளயே சொல்லிக்கிட்டு, அப்புறம் பக்குவமா வீட்டுக்குச் சொல்லணுமாம். மூணு பேரும் ஒண்ணாதான் போவாங்க, விழுந்தா ஒண்ணாதான் விழுவாங்கன்னு அந்த மூணு மூளையில ஒண்ணுக்குக் கூடத் தோணலை.

"டாக்டர் கேக்கலையாம்மா? வாயால கேட்டிருக்கலாமே?"ன்னேன்.

நர்ஸ் ஜாக்கெட்டை என் கையில கொடுத்தாங்க. "கேட்டாரு. மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டாரு. உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கேப்டனை ஒரு தடவை பார்த்தாரு. இல்லைன்னுட்டாரு."

எனக்கு வந்த கோவத்துக்கு, ஆபரேஷன் தியேட்டர் கதவை உடைச்சுக்கிட்டு உள்ளே போய் நானே அவரைக் கொன்னிருப்பேன். அங்க செத்துக்கிட்டிருக்கறப்பவும் கௌரவ உறுப்பினர் ஆயிடுவோம்னு பயம்! கொஞ்ச நேரத்துல தலைவலின்னிருக்கார், படுத்துட்டார். "அவன் ராத்திரி சரியா தூங்கலை, விடுங்க சிஸ்டர், தூங்கட்டும். கல்லு மாதிரி உடம்பு அவனுக்கு"ன்னு கேப்டன் சர்டிபிகேட் வேற கொடுத்திருக்கார். அந்த நேரத்துல உள்ளே இரத்தம் கசிஞ்சுக்கிட்டிருந்தது. நான் வெளியில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். இன்சூரன்ஸ் தொல்லை, எடுக்காதே.

அப்பதான் அவர் போன்ல என் நம்பருக்கு வச்சிருந்த அந்தப் பேர் எனக்கு முழுசா உறைச்சது. அத்தனை "ங்க"வும் எதுக்குன்னு புரிஞ்சது. பக்கத்துல நிக்கற கேப்டனுக்கும் வேகத்துக்கும் கேக்கணும்னு பாலிசி எடுத்தவர் மாதிரி பேசியிருக்கார். அதைப் போய் நான் மரியாதைன்னு நம்பி மனசு குளிர்ந்தேன் பாருங்க, அதுதான் தாங்கலை. பெஞ்சுல உக்காந்து அவர் ஜாக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தப் பொண்ணு, என் டீம் லீடர், தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினா. வாடிக்கையாளர்கிட்ட இப்படியெல்லாம் பேசக் கூடாதுன்னு அவ சொல்லலை.

கேப்டன் சம்சாரமும் வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் குழாய்க் கண்காட்சிக்குப் போயிருக்கறதா நினைச்சுக்கிட்டிருந்தாங்களாம். பைக் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. கடையில நிறுத்தி வச்சிருந்திருக்கார். "நான் பதறலைங்க, ஒரு பொட்டு பதறலை, தோள்பட்டை மட்டும் சேரட்டும்"னு சொல்லிட்டு உள்ளே போனாங்க. உள்ளேயிருந்து கேப்டன் அலறின சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டுது.

விடியறதுக்குள்ள டாக்டர் வெளியே வந்தார். இரத்தத்தை எடுத்தாச்சு, மாத்திரையோட வேகத்தை முறிக்க மருந்து கொடுத்தாச்சு, உயிருக்கு பயமில்லைன்னார். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கறார்னு விட்டிருந்தா நினைச்சுப் பார்க்க முடியாதுன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூளையில அழுத்தம் பட்டிருக்கும்மா. கண் முழிச்சப்புறம்தான் தெரியும். பேச்சு, ஞாபகம் எல்லாம் எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. ஆளுங்களைத் தெரியாமக் கூடப் போகலாம். தைரியமா இருங்க"ன்னார்.

தைரியமாம். என் கோவம் மொத்தமும் அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு. இத்தனையும் சேர்த்து வச்சிருக்கேனே, யாரைப் பிடிச்சுத் திட்டறது? திட்டறதுக்கு அந்த ஆளு வேணுமே! நான் யாருன்னே தெரியாம முழிக்கற ஒருத்தரை உக்கார வச்சு என்னன்னு கேப்பேன்? கடவுளே, என்னை ஏமாத்தின அதே மனுஷனைத் திருப்பிக் கொடு, மீதியை நான் பாத்துக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். அழுகை வருமோன்னு பார்த்தேன், வரலை. பயம்தான் இருந்தது.

ரெண்டு நாள் அவர் கண்ணைத் திறக்கறதும் மூடறதுமா கிடந்தார். நான் கூப்பிட்டா என் பக்கம் பார்ப்பார், ஆனா சுவரைப் பார்க்கற மாதிரி பார்ப்பார். மூணாம் நாள் காலையில சாய்ஞ்சு உக்கார வச்சிருந்தாங்க. தலையில பெரிய கட்டு. டாக்டர் கட்டில் ஓரத்துல உக்காந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சார். நர்ஸ் பக்கத்துல, நான் கால்மாட்டுல.

"இது எந்த வருஷம்?"

யோசிச்சார். எப்பவோ போன ஒரு வருஷத்தைச் சொன்னார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

வாயைத் திறந்தார், மூடினார். சுவர்ல மாட்டியிருந்த ஏசியைக் கையால காட்டினார். டாக்டர் தலையாட்டிக்கிட்டு எதையோ குறிச்சார். கையில இருந்த பேனாவைக் காட்டி, "இது என்ன?"ன்னார். அதுக்கு வார்த்தையே வரலை. நான் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.

டாக்டர் என்னைக் காட்டினார். "சரி, இவங்க யாரு?"

என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு என்னமோ தேடுது, கிடைக்கலை. என் பேரையாவது சொல்லுடான்னு மனசுக்குள்ள கெஞ்சறேன். கட்டின புருஷனை டான்னு சொல்லிட்டேன், பரவாயில்லை. நர்ஸ் என் தோளைத் தொட்டாங்க.

"தொல்லை"ன்னார்.

டாக்டர் குனிஞ்சு, "என்னது? திருப்பிச் சொல்லுங்க"ன்னார்.

"இன்சூரன்ஸ்... தொல்லை." சொல்லிட்டு அவர் கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு. வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டு, "எடுத்தாச்சுங்க"ன்னு சொல்லிக் கையை என் பக்கம் நீட்டினார்.

டாக்டர் பாவம், முகம் வாடி என்கிட்ட, "கொஞ்சம் குழப்பம் இருக்கும்மா. நாளாக நாளாகத் தெளியும்"னு ஆறுதல் சொன்னார்.

"குழப்பம் ஒண்ணும் இல்லை டாக்டர். எழுதிக்கங்க, ஆளைத் தெரியுது"ன்னேன். அதுக்கு மேல முடியலை. அந்தக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மூணு நாளா வராத அழுகையை மொத்தமா அழுதேன். அழுது முடிச்சதும் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, முதல்ல இருந்து திட்ட ஆரம்பிச்சேன்.